பச்சை மையில் எழுதிய லேபிள்கள்

முதுகெலும்பில்லாத விலங்குகளைப் படிக்கப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நான் முதலில் பார்ப்பது பட்டத்தை அல்ல, பையைத்தான். அதில் சீவிய பென்சில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பேனா இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். போன மாதம் உங்கள் துறையில் பேச வந்தபோது இதைச் சொன்னேன், சிரித்தீர்கள். அன்று நேரம் இல்லை என்று சொல்லி அத்தோடு விட்டுவிட்டேன். நேரம் இருந்தது. முழுவதையும் சொல்லத்தான் துணிச்சல் வரவில்லை. எதிரில் ஆள் இல்லாதபோது எழுதுவது சுலபம், எழுதிவிடுகிறேன்.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். மாணவர்கள் எனக்கு வைத்த பெயர் தேள். தேள் தன் குட்டிகளை முதுகில் சுமந்து திரியும் என்று அவர்களுக்குப் பாடம் நடத்தியதும் நான்தான். அதை மறந்துவிட்டுக் கொடுக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். தப்பில்லை, எனக்கு முன்கோபம் அதிகம். பதவி உயர்வு வந்து பச்சை மையில் கையெழுத்துப் போடலாம் என்று ஆனபிறகு அது இன்னும் கூடியது. காய்கறிப் பட்டியலைக்கூடப் பச்சை மையில் எழுதுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

எங்களுடைய ஆராய்ச்சி மழைக்குட்டைகளில் வாழும் ஓர் உயிரியைப் பற்றியது. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளம், மேலே ஓடு கிடையாது, உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும், வால் மட்டும் சிவப்பு. எப்போதும் மல்லாந்துதான் நீந்தும். ஐப்பசியில் குட்டை நிரம்பினால் இரண்டு நாளில் பொரிந்து, இரண்டு வாரத்தில் பெரிதாகி, முட்டையிட்டு, குட்டை வற்றும்போது செத்துப்போகும். முட்டைகள் மட்டும் காய்ந்த மண்ணுக்குள் கிடக்கும், வருஷக்கணக்கில் கிடந்தாலும் கெடாது. ஒவ்வொரு குட்டையும் அதற்கு ஒரு தனித் தீவு. காற்றும் கொக்கின் காலும் மாட்டுக் குளம்பும் எப்போதாவது முட்டையை ஒரு குட்டையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் உண்டு. அப்படித் தனித்தனியாக இருந்து இருந்து, குட்டைக்குக் குட்டை அவை எப்படி மாறிப்போயிருக்கின்றன என்பதுதான் கேள்வி. ஆணின் தலையில் பெண்ணைப் பிடித்துக்கொள்வதற்கென்று ஒரு ஜோடிப் பிடிகொம்பு இருக்கும். அந்தக் கொம்பின் வடிவத்தைப் பார்த்துத்தான் இனம் பிரிப்போம்.

இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள் கலையரசி. மரக்காணம் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்துப் பெண். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். அந்தக் குப்பத்தில் இருந்து ஆராய்ச்சி வரைக்கும் வந்த முதல் ஆள் அவள். கடலோரத்தில் பிறந்துவிட்டுக் குட்டைத் தண்ணீரில் என்ன தேடுகிறாய் என்று நானே கேலி செய்திருக்கிறேன். "கடல்ல எதைத் தேடினாலும் அப்பா முன்னாடியே பார்த்திருப்பாருங்க மேடம், இங்க நான் மட்டுந்தான்" என்பாள். உதவித்தொகை நின்று, இரண்டு முறை கெடு நீட்டித்து, கடைசிக் கெடு ஜூலை முதல் வாரம் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் ஐந்து வருஷம் போனது போனதுதான், முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். அதற்கு அவள் வீட்டில் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், கடைசி இயலுக்காக, முந்தைய நவம்பரில் எடுத்த குப்பிகளை வெளியே எடுத்தோம். கூட்டேரிப்பட்டில் தொடங்கி வானூர் வரைக்கும் ஒரே நாளில் ஏழு குட்டைகளில் வலை போட்டு எடுத்தவை. குட்டைக்கு ஒரு குப்பி, குப்பிக்குள் ஸ்பிரிட்டில் உயிரிகள், அவற்றோடு ஒரு சின்னத் தடித்த காகிதத்தில் எந்தக் குட்டை, எந்தத் தேதி என்ற லேபிள். மூடியில் நாங்கள் எழுதுவதில்லை, மூடி மாறிவிடும். லேபிள் உள்ளேதான் கிடக்கும்.

முதல் குப்பியின் லேபிள் பளிச்சென்று இருந்தது. மற்ற ஆறும் வெள்ளைக் காகிதம். ஸ்பிரிட் மட்டும் லேசாகப் பச்சையாக இருந்தது.

என்ன நடந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிட்டது. பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்துவிடும், பென்சில் கரையாது. எனக்கு ஆராய்ச்சி சொல்லித் தந்த இடத்தில் மாதிரிகளைப் பராமரிக்க ஒருவர் இருந்தார். லேபிள் இல்லாத குப்பியைக் கண்டால், "இது ஸ்பெசிமன் இல்லம்மா, அநாதைப் பொணம்" என்று தூக்கி ஓரமாக வைத்துவிடுவார். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். எங்கிருந்து வந்தது என்று தெரியாத உயிரியை வைத்துப் பரிணாமம் பேச முடியாது.

பயமெல்லாம் கோபமாகத்தான் வெளியே வந்தது.

"மொத வருஷப் புள்ளைக்குக்கூடத் தெரியும், பேனாவுல லேபிள் எழுதக் கூடாதுன்னு. அஞ்சு வருஷமா நீ இன்னா படிச்சிக் கிழிச்ச?"

கலையரசி என்னை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது மாதிரி இருந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "தப்புதாங்க மேடம்" என்றாள்.

ஆறு குப்பிகளையும் நுண்ணோக்கியில் பார்த்தோம். ஐந்தில் இருந்தவை வழக்கமாக வருகிறவை. ஆறாவதில் இருந்த ஆண்களின் பிடிகொம்பு வேறு மாதிரி இருந்தது. நுனி இரண்டாகப் பிளந்து, ஒரு கிளை உள்பக்கமாக வளைந்திருந்தது. இந்தப் பக்கத்தில் நாங்கள் அதுவரை பார்த்ததே இல்லை. கடைசி இயலுக்கு உயிரே அதுதான். அது எந்தக் குட்டையிலிருந்து வந்தது என்பதுதான் தெரியாமல் போய்விட்டது.

நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். நான் ஒரு பென்சிலை எடுத்து, புது லேபிளில், 'வானூர், பனைமரக் குட்டை' என்று எழுதி, அந்தக் குப்பிக்குள் போட்டேன். பொய் எழுதுகிறோம் என்ற எண்ணமே எனக்கு இல்லை. அந்தக் குட்டை, அதன் நடுவில் நின்ற மொட்டைப் பனை, வலையில் துள்ளிய சிவப்பு வால்கள் எல்லாம் கண் முன்னால் நின்றன. சத்தியம் பண்ணச் சொன்னால் பண்ணியிருப்பேன்.

கலையரசி இடுக்கியால் அந்த லேபிளை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது வேணாங்க மேடம்."

"எனக்கு நல்லா நெனைப்பு இருக்குதும்மா. வானூர்தான்."

"எனக்கும் நெனைப்பு இருக்குதுங்க. எனக்கு மயிலம் ரோட்டு ஓரத்துக் குட்டைன்னு தோணுது. ரெண்டு பேரு நெனைப்பும் ஒண்ணா இல்லியே, எதைங்க எழுதறது?"

"கெடு இன்னும் ரெண்டு மாசந்தான். மறுபடி மழை வர்ற வரைக்கும் உனக்காக யாரும் காத்துக்கினு இருக்கப் போறதில்ல."

"தெரியுங்க. ஆனா நாளைக்கு யாராவது இதை நம்பி வானூர்ல போயி தேடினா?"

பதில் இல்லாதபோது எனக்கு வாய் நீளும். "அப்போ உன் பட்டத்தை நீயே பார்த்துக்கோ" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு என்னைத் தேள் என்று யாராவது கூப்பிட்டிருந்தால் தேள்தான் வருத்தப்பட்டிருக்கும்.

மறுநாள் காலையில் அவள் வரவில்லை. ஆராய்ச்சியே வேண்டாமென்று போய்விட்டாளோ என்று மனசு அடித்துக்கொண்டது. அவள் மேஜையில் களக்குறிப்பேடு இருந்தது. குட்டைகளின் ஞாபகம் வேறு ஏதாவது கிடைக்குமா என்று அந்த நவம்பர் நாளைத் திருப்பினேன். குட்டைகளின் பெயர்கள் இருந்தன, எந்தக் குப்பியில் எது என்று இல்லை. முதல் குட்டையின் குறிப்பு பென்சிலில் இருந்தது. இரண்டாவதிலிருந்து எல்லாம் பச்சை மை.

எங்கள் துறையில் பச்சை மைப் பேனா வைத்திருந்தது ஒரே ஆள்தான்.

அப்போதுதான் அந்த நாள் முழுவதும் நினைவுக்கு வந்தது. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வாடகை ஆட்டோக்காரர், "மழை புடிச்சிக்கும் மேடம், அப்புறம் ரோடு பேஜாராயிடும்" என்று அவசரப்படுத்தினார். முழங்கால் தண்ணீரில் நின்றபடி கலையரசி, "பென்சில் மொனை ஒடைஞ்சிபோச்சுங்க மேடம், ஒரு நிமிஷம், சீவிக்கினு எழுதறேன்" என்றாள். "அதுக்கெல்லாம் நேரம் இல்ல, இந்தா, ஜல்தி எழுது" என்று என் பேனாவை நீட்டினேன். "பேனாங்களா?" என்று தயங்கினாள். "ஒரு நாள்ல ஒண்ணும் ஆயிடாது. லேபுக்குப் போயி மாத்திக்கலாம்" என்றேன். மறுநாள் காலையில் மாற்றி எழுதப் போனவளை, கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வருகிறது என்று ஃபைல் அடுக்க இழுத்துப்போனதும் நான்தான். அந்த வேலை ஒரு வாரம் நீண்டது. அதற்குள் குப்பிகள் அலமாரிக்குள் போய்விட்டன.

என்ன படித்துக் கிழித்தாய் என்று நான் கேட்டபோது அவள் என்னை ஏன் நிமிர்ந்து பார்த்தாள் என்று விளங்கியது.

பிற்பகலில் அவள் வந்தாள். தலையெல்லாம் புழுதி, இரண்டு தோளிலும் துணிப்பை. விடிந்ததும் பஸ் ஏறி, ஒவ்வொரு குட்டையாக இறங்கி, காய்ந்து வெடித்த தரையைச் சுரண்டி மண் எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொரு பாலிதீன் பையிலும் பென்சிலில் எழுதிய லேபிள்.

"முட்டை மண்ணுலதானே இருக்குதுங்க மேடம். தண்ணி ஊத்திப் பார்த்தா எந்தக் குட்டையில எது இருக்குதுன்னு அதுங்களே சொல்லிடும்."

முப்பது வருஷமாக இந்த உயிரியின் முட்டையைப் பற்றிப் பாடம் நடத்திய எனக்கு இது தோன்றவில்லை. சுலபமான வழி கைக்கு எட்டினால் மூளை வேலையை நிறுத்திவிடுகிறது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "சாப்பிட்டியா?" என்றுதான் வந்தது. அவள் இல்லை என்றாள். என் டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சோற்றை அவள் பக்கம் தள்ளினேன்.

பைகள் ஐந்துதான் இருந்தன. கூட்டேரிப்பட்டுக்குத் தெற்கே இருந்த குட்டையை வெட்டி ஆழப்படுத்தி, மேல்மண் முழுவதையும் அள்ளிப்போயிருந்தார்கள். அந்த மண் எங்கே போனது என்று தேட மறுநாள் நானும் கூடப் போனேன். ரோட்டோரத்து டீக்கடையில் விசாரித்து, வயல் வழியாக நடந்து, ஒரு மல்லாட்டைக் கொல்லைக்கு, வேர்க்கடலை போடும் நிலத்துக்கு, போய்ச் சேர்ந்தோம். ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மாள், சொந்த நிலம், பேர் தனபாக்கியம். மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்து விதைமல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார்.

"குட்டை மண்ணா? பங்குனியிலயே டிராக்டர் வச்சி அள்ளிக்கினு வந்துட்டேனே. வண்டல் மண்ணு போட்டா மல்லாட்டை நல்லா காய்க்கும். உங்களுக்கு இன்னாத்துக்கு?"

"அதுல இறால் மாதிரி ஒண்ணோட முட்டை இருக்குதுங்க" என்றாள் கலையரசி.

தனபாக்கியம் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "என் கொல்லையில எறா மொளைக்கும்ன்றியா? அப்போ மல்லாட்டைய எதுக்கு நான் போடணும்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கொல்லையில் பரப்பியது போக, கொட்டகைக்குப் பின்னால் ஒரு குவியல் மிச்சம் இருந்தது. நான் பையை விரித்தேன். கலையரசி அள்ளவில்லை. இந்தக் குவியலில் வேறு மண் கலந்திருக்கிறதா, எத்தனை நடை வந்தது, டிராக்டர் அன்றைக்கு வேறு எங்காவது அள்ளியதா என்று ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டாள். தனபாக்கியம் பொறுமை இழந்து, "நாலு நடை, அதே குட்டை, நான் டிராக்டர் பின்னாடியே நடந்தேன். கண்ட மண்ணையும் என் கொல்லையில சேக்க மாட்டேன், போதுமா?" என்றார். கலையரசி அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு பிறகுதான் மண்ணை அள்ளினாள்.

ஆறு பிளாஸ்டிக் டப்களில் மண்ணைப் பரப்பிக் கேன் தண்ணீர் ஊற்றினோம். மூன்றாம் நாள் காலையில் ஐந்து டப்களில் வெள்ளைப் புள்ளிகள் துடித்தன. பதினைந்து நாளில் பெரிதாயின. வானூர் டப்பில் வந்த அத்தனை ஆண்களையும் நானே நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். பிளவு இல்லை, வளைவும் இல்லை. கலையரசி நினைத்த மயிலம் ரோட்டுக் குட்டையிலும் இல்லை, மற்ற மூன்றிலும் இல்லை. எங்கள் இரண்டு பேர் நினைப்பும் தப்பாக இருந்தது.

தனபாக்கியம் கொல்லையிலிருந்து எடுத்த மண் இருந்த ஆறாவது டப்பில் ஒன்றுமே பொரியவில்லை. வெறும் சேறுதான் கிடந்தது.

கெடுவுக்கு ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமாக இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போதும் எனக்குக் குறுக்குப் புத்தி போனது. ஐந்திலும் இல்லையென்றால் ஆறாவதில்தானே இருந்திருக்க வேண்டும், அப்படியே எழுதிவிடலாமே என்றேன்.

"இருக்கலாம்னுதாங்க எழுத முடியும்" என்றாள். "மேல்மண்ணுல இருந்த முட்டை குவியல்ல எங்க போச்சோ. நாம எடுத்ததுல கம்மியா இருக்கும். அதுவும் மொத மழைய எல்லா முட்டையும் நம்பாதுன்னு நீங்கதானே மேடம் கிளாஸ்ல சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். முதல் மழைக்கே எல்லா முட்டையும் பொரிந்து, அடுத்த வாரம் வெயில் அடித்துக் குட்டை வற்றினால், அந்தக் குட்டையில் அந்த இனமே தீர்ந்துவிடும். அதனால் ஒரு பங்கு முட்டைகள் முதல் தண்ணீரில் அசையாமல் கிடந்து, காய்ந்து, அடுத்த நனைவுக்குக் காத்திருக்கும். அப்படிக் காத்திருந்தவற்றின் வம்சம்தான் இன்று வரைக்கும் வந்திருக்கிறது. பாடத்தில் இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிஷம் போதும். கெடு தலைக்குமேல் நிற்கும்போது அதை நம்பிக் காத்திருக்க அவளுக்கு இருந்த நெஞ்சுரம் எனக்கு இல்லை.

டப்பை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய் வடித்துக் காயவைத்தோம். பன்னிரண்டு நாள் வெயிலில் மண் ஓடு ஓடாக வெடித்தது. மறுபடி தண்ணீர் ஊற்றினோம், மிச்சம் இருந்த நாள்களில் இன்னொரு முறை காயவைக்க முடியாது. மற்ற இயல்களை எல்லாம் அச்சுக்குக் கொடுத்துவிட்டு, கடைசி இயலின் இடத்தைக் காலியாக வைத்திருந்தாள். அந்த இயல் இல்லாமல் கொடுத்தால் ஏற்பார்களா என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

நான்காம் நாள் பதினொன்று பொரிந்தன. தினமும் ஒன்றிரண்டு செத்தன. கடைசியில் மூன்று மிஞ்சின. இரண்டு பெண். மூன்றாவது பெரிதாகும்வரை அது ஆணா பெண்ணா என்று தெரியாது. கெடுவுக்கு ஐந்து நாள் இருந்தபோது கலையரசி அதைக் கண்ணாடித் தட்டில் எடுத்து நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். ரொம்ப நேரம் குனிந்து பார்த்தாள். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து எனக்கு இடம் விட்டாள்.

இரண்டாகப் பிளந்த நுனி. உள்பக்கமாக வளைந்த கிளை. நான் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை, பென்சிலைச் சீவி லேபிள் எழுத உட்கார்ந்துவிட்டாள்.

ஆய்வேட்டில் அவள் ஒரு பக்கம் தனியாக எழுதியிருந்தாள். அந்த நாளின் லேபிள்கள் மையால் எழுதப்பட்டதால் அழிந்துவிட்டன, மண்ணை மீண்டும் நனைத்து இடங்கள் உறுதி செய்யப்பட்டன, ஒரு குட்டையின் மண் மட்டும் ஒரு விவசாயியின் சொல்லை நம்பி எடுக்கப்பட்டது என்று விஷயத்தை உள்ளது உள்ளபடி சொல்லியிருந்தாள். யார் பேனா என்று மட்டும் இல்லை. நான் அந்தப் பக்கத்தைப் படித்து, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பேனா என்னுடையது என்று அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஐப்பசியில் வாய்மொழித் தேர்வு. பெரிய அறை நிறைய ஆள். கடைசி வரிசையில் கலையரசியின் அப்பாவும் அம்மாவும் புதுத் துணி உடுத்தி, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நல்ல மனிதர்தான், ஆனால் கறார். அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"இவ்வளவு கவனமா வேலை பண்ணியிருக்கீங்க. பேனாவால லேபிள் எழுதக் கூடாதுன்னு தெரியாதாம்மா? யார் எழுதினது?"

"நான்தாங்க சார் எழுதினேன்" என்றாள்.

அவள் அப்பா தலையைத் தாழ்த்திக்கொண்டார். மையும் ஸ்பிரிட்டும் அவருக்குத் தெரியாது. மகள் இத்தனை பேர் முன்னால் தப்பை ஒத்துக்கொள்கிறாள் என்பது தெரிந்தது.

அதைப் பார்த்தபிறகு என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். "எழுதினது அவள் கை சார். பேனா என்னுடையது. பென்சில் சீவ ஒரு நிமிஷம் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. பிறகு லேபிள் அழிந்தபோது அவளைத்தான் திட்டினேன். மனசில் பட்டதை வைத்து நான் தப்பான இடத்தை எழுதிப் போட்டேன், அதை வெளியே எடுத்ததும் அவள்தான்" என்றேன். என் மாணவர்கள், சக ஆசிரியர்கள் எல்லோரும் இருந்தார்கள். தேர்வாளர் ஆய்வேட்டை மூடி, "எனக்கு வேற கேள்வி இல்லை" என்றார்.

எல்லாம் முடிந்து, மாலை மரியாதை எல்லாம் ஆனபிறகு, வராந்தாவில் அவளைத் தனியாகப் பிடித்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது.

"என் பேனான்னு அன்னைக்கே உனக்குத் தெரியும். ஏம்மா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க மண்ணு அள்ள வந்திருக்க மாட்டீங்க மேடம். வெக்கப்பட்டுக்கினு வூட்லயே உக்காந்திருப்பீங்க. எனக்கு அப்போ ஆள் வேண்டியிருந்துச்சுங்க."

யோசித்துப் பார்க்கிறேன். அவள் சொன்னது சரிதான். குறிப்பேட்டில் நானாகப் பார்த்ததால் போனேன், அவள் நேரே சொல்லியிருந்தால் அப்படித்தான் உட்கார்ந்திருப்பேன்.